மருமகனை மகன் என்று எழுதலாமா?



சில வாரங்களுக்கு முன் புங்குடுதீவு மடத்துவெளியைச் சேர்ந்த ஒரு தாய் எம்மிடம் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய தம்பி ரொறன்ரோவில் வசிக்கிறார். தகப்பனை இழந்த அக்காள் மகனைப் படிப்பித்து, கனடாவுக்கும் அழைத்துக்கொண்டவர் அவரே. இப்போது தமது காரையும் அவனுக்கு இனாமாகக் கொடுக்கப்போகிறார்.

"பெத்த பிள்ளை மாதிரித்தான் பாத்தவன், சுவாமி. மகன் எண்டு எழுதினால் வரி இல்லையாம். அப்பிடி எழுதினால் பாவமே?"

ஒன்ராறியோ மாகாணத்தில் பழைய வாகனமொன்று கைமாறும்போது 13 வீதம் விற்பனை வரி கட்டவேண்டும். குறைந்த விலையை எழுதித் தப்பவும் முடியாது. எழுதிய விலை, சந்தை மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதற்கே வரி. ஆனால் குடும்பத்துக்குள் இனாமாகக் கொடுத்தால் விலக்கு உண்டு. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், பேரன் பேத்தி, சகோதரர் ஆகியோருக்கும், மகளின் கணவனுக்கும்கூட உண்டு. சகோதரியின் மகனுக்கு இல்லை. தமிழில் இருவருமே மருமகன்தான்! நமது முறை தெரியாதவர்கள் எழுதிய சட்டம் என்று அந்தத் தாய் குறைப்பட்டதில் நியாயம் இல்லாமலில்லை. காரின் மதிப்பு 8,000 டொலர் என்றால் வரி 1,040 டொலர். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று.

இத்தகைய கேள்விக்குப் பழைய ஒழுக்கவியல் நூல்களில் இலகுவான ஒரு விடை உண்டு. சில சட்டங்கள் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துவதில்லை. மீறிப் பிடிபட்டால் தண்டனையை ஏற்றுக்கொள்வதே போதுமானது என்றும், வரிச்சட்டம் அவ்வகையானது என்றும் பலர் போதித்தார்கள். 'தண்டனைச் சட்டக் கொள்கை' என்று குருமடத்தில் நாமும் அதைப் படித்தோம். ஆனால் 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நியாயமான வரிகளைத் தந்திரத்தால் தட்டிக்கழிப்போரை வெளிப்படையாகவே கண்டித்தது. அந்த வரியால் நடக்கும் மருத்துவமனையில்தான் தம்பியின் பிள்ளைகள் பிறந்தார்கள் என்பதையும் அந்தத் தாய்க்கு நினைவூட்டினோம்.

ஆயினும் வரியைவிடப் பாரதூரமான காரியம் ஒன்று இங்கே உண்டு. அந்த விலக்கைப் பெற, கொடுப்பவர் தமக்கும் பெறுபவருக்கும் உள்ள உறவை எழுதிச் சத்தியம் செய்யவேண்டும். பழைய கொள்கையை எவ்வளவு தாராளமாக எடுத்தாலும், அது பணத்துக்கு மட்டுமே சாக்குச் சொல்லும். பொய்ச் சத்தியத்துக்குச் சொல்லாது. ஆயிரம் டொலருக்காக மாமன் கடவுளைப் பொய்க்குச் சாட்சியாக அழைக்கிறார். அவரைத் தகப்பன்போல் மதிக்கும் பிள்ளை, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

ஆலய வரியைப் பற்றி இராயப்பரிடம் கேட்கப்பட்டபோது ஆண்டவர் என்ன செய்தார்? பிள்ளைகள் வரிக்கு உட்பட்டவர்கள் அல்லர் என்றார். ஆனாலும் பிறருக்கு இடறலாகாதபடி, மீனின் வாயில் இருந்த நாணயத்தை எடுத்துக் கட்டச் சொன்னார். உண்மையாகவே மகனாயிருந்தவர் கட்டினார்!

நமது ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று நீங்கள் கேட்கலாம். இங்கே வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். நாமோ 'ஓப்பன் பேப்பரில்' ஒப்பம் வாங்கி அலுமாரியில் வைத்துவிடுகிறோம். பேரன் ஓடும் மோட்டார் சைக்கிள் பாட்டனார் பெயரிலேயே கிடக்கும். நாளைக்கு ஒரு விபத்து என்றால் பொலிசார் தேடிவருவது அந்த வயோதிபரைத்தான். அதைப் பிறிதொரு வாரம் எழுதுவோம்.

அந்தத் தாய் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஆயிரத்து நாப்பது டொலர் எங்கட காசில எவ்வளவு, சுவாமி?" என்றார். இரண்டு இலட்சத்துக்கு மேலே வரும் என்றோம். "அப்ப அவனையே மாதம் மாதம் உழைச்சு மாமனுக்குக் குடுக்கச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று எழுந்தார்.