கோட்டுக்கு வெளியே உள்ள பரப்பு

போல்ட்டை எண்ணிவிடலாம். குழாயை நீட்டி அளந்துவிடலாம். வார்ப்பைத் தராசில் ஏற்றிவிடலாம். கேட் மென்பொருள் தரும் பாகப் பட்டியலில் இந்த வகைகளால் பெரிய தொல்லை இல்லை. அளவுக் கட்டத்தில் 24 என்றோ, 6.5 மீட்டர் என்றோ, 18 கிலோ என்றோ போட்டால் பர்ச்சேஸ் மேஜை முதல் ஃபிட்டர் வரை எல்லோரும் ஒன்றையேதான் புரிந்துகொள்வார்கள். தகடு, ரப்பர் ஷீட், கேஸ்கெட், வெப்பக்காப்புப் பாய் என்று பரப்பால் அளக்கவேண்டிய பொருள் வரும்போதுதான் அந்தக் கட்டம் குழப்பத் தொடங்குகிறது. எண் இருக்கும். எதன் பரப்பு என்பது இருக்காது.

ஒரு கேஸ்கெட்டை எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 380 மில்லிமீட்டர், உள்விட்டம் 280, தடிமன் 3. வளையத்தின் ஒரு முகத்தை மட்டும் கணக்கிட்டால் 0.052 சதுர மீட்டர். ஆட்டோடெஸ்க் இன்வென்டரில் பாகத்தின் இயற்பியல் பண்புகளைத் திறந்து அங்கே தெரியும் பரப்பளவை அப்படியே எடுத்தால் 0.110 வரும். மேல் முகம், கீழ் முகம், உள்விளிம்பு, வெளிவிளிம்பு நான்கையும் சேர்த்த மேற்பரப்பு அது. பெயிண்ட் அடிப்பவருக்கு வேண்டிய எண், ஷீட் வாங்குபவருக்கு ஆகாத எண். வளையத்தைச் சுற்றி ஒரு சதுரம் போட்டால் 0.144. மூன்றுமே சரியான கணக்கு. ஆனால் முதலாவதற்கும் கடைசிக்கும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். சாலிட்வொர்க்ஸ் தகட்டுப் பாகங்களின் கட் லிஸ்டில், சுற்றியுள்ள செவ்வகத்தின் பரப்பையும் தகட்டின் சொந்தப் பரப்பையும் தனித்தனிப் பண்புகளாக வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு எனக்கு மிகவும் பிடிக்கும். கேள்வி ஒன்றல்ல, இரண்டு என்று அது ஒப்புக்கொள்கிறது.

(அலகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சதுர மீட்டரில் பத்து லட்சம் சதுர மில்லிமீட்டர். நீளத்துக்குப் பழகிய கை ஆயிரத்தால் வகுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பட்டியலில் பரப்பு வரும் இடங்களை இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாம் முறை பார்க்கவேண்டும்.)

இனி, அதே கேஸ்கெட் 20 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் 1.04 சதுர மீட்டர் என்று சொல்லும். ஸ்டோரில் இருப்பது ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம் கொண்ட ஷீட். மூன்று சதுர மீட்டர். ஒன்று எடுத்தால் தாராளம், பாதிக்கு மேல் மிஞ்சும் என்றே காகிதத்தில் தோன்றும். ஷீட்டின் மேல் வரைந்து பாருங்கள். நேர் வரிசையாக அடுக்கினால் அகலத்தில் மூன்று, நீளத்தில் ஐந்து, மொத்தம் 15தான். தேனடை அறைகளைப் போல ஒன்றின் இடுக்கில் இன்னொன்று உட்காரும்படி வைத்தால் ஐந்தும் நான்குமாக மாறிமாறி நான்கு வரிசை, 18. மேலும் முயன்று, ஒன்றுவிட்ட வரிசைகளை முழு இடுக்குக்கும் தள்ளாமல் சுமார் 92 மில்லிமீட்டர் மட்டும் நகர்த்தி, வளையங்களுக்கிடையே இரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டால், வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசையும் ஷீட்டுக்குள் வந்துவிடுகின்றன. 20. அகலத்தில் எட்டு மில்லிமீட்டர்கூட மீதமில்லை.

0.052 என்ற எண்ணுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. பதினைந்தா இருபதா என்பது வளையத்தின் குணம் அல்ல. வளையத்துக்கும் ஷீட்டுக்கும் இடையே ஒரு மனிதர் எவ்வளவு நேரம் யோசித்தார் என்பதன் பலன். இன்னொன்றையும் கவனியுங்கள். வளையத்தின் நடுவிலிருந்து வெளியே வரும் வட்டத் துண்டின் பரப்பு 0.062. கேஸ்கெட்டைவிடப் பெரியது! கேஸ்கெட் வெட்டும் பட்டறையில் அந்த வட்டத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை. அதற்குள் அடங்கும் சிறிய அளவு கேஸ்கெட்டுக்கு அதுதான் ஷீட்.

பரப்பை விற்று வாங்குவதே தொழிலாக இருக்கும் இடங்களில் இந்த அறிவு எப்போதோ வந்துவிட்டது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில்தான் கைமாறுகிறது. தோலுக்கு நேர் விளிம்பு கிடையாது. வயிற்றுப் பக்கம் தொய்யும், கழுத்துப் பக்கம் சுருங்கும், முள் கீறிய தழும்பும் உண்ணி கடித்த புள்ளியும் நடுவிலேயே இருக்கும். ஷூவின் மேல்பாக அச்சுக்கு எவ்வளவு தோல் ஆகும் என்று கணக்கிடுபவர், அச்சின் பரப்பை மட்டும் எழுதிக்கொடுத்தால் வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அச்சுகளை ஒன்றோடொன்று பொருந்த வைத்து, அவற்றைச் சுற்றி ஓர் இணைகரம் வரைந்து, அச்சுக்கு இவ்வளவு என்று பங்கிட்டு, அதற்கு மேல் தோலின் ஓரத்துக்கும் குறைகளுக்கும் தனியாகச் சேர்ப்பது அந்தத் துறையின் வழக்கம். வீணாவது அங்கே கணக்குக்கு வெளியே நிற்கும் விபத்து அல்ல, கணக்கின் ஓர் உறுப்பு.

இயந்திர வடிவமைப்பில் நாம் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை என்பது என் வருத்தம். இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் 630க்கு 800 அளவில் ஒரு மூடி வரைகிறோம். 12 வேண்டும். பட்டியல் 6.05 சதுர மீட்டர் காட்டுகிறது. நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கும் 1250க்கு 2500 தகட்டில் அந்த மூடி எப்படித் திருப்பினாலும் மூன்றுதான் வரும். நான்கு தகடு. மூடியின் அகலத்தை 610 ஆக்கினால் பட்டியல் 5.86க்கு இறங்கும், மூன்று சதவீதம்தான் குறைவு. தகட்டிலோ ஆறு வருகிறது. இரண்டு தகடு போதும். ஒவ்வொன்றும் 49 கிலோ. இரண்டு சென்டிமீட்டரில் 98 கிலோ எஃகு இருந்திருக்கிறது, பட்டியல் அதைப் பார்க்கவேயில்லை. அந்த மூடிக்கு 630 ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. திரையில் பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

திரையில் ஒரு கோடு இழுக்கும்போது நம் கண் உட்பக்கத்தை மட்டும் பார்க்கிறது. உள்ளே இருப்பது பாகம், அதற்குப் பெயர் உண்டு, எண் உண்டு, பட்டியலில் ஒரு வரி உண்டு. வெளியே இருப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே கோடுதான் வெளியே இருப்பதையும் வரைகிறது. லேசர் மெஷினுக்கு அடியில் குவியும் மிச்சத் துண்டுகளின் ஒவ்வொரு விளிம்பும் ஒரு வடிவமைப்பாளர் போட்ட விளிம்பு. சுரங்கத்தில் வெட்டி, உலையில் உருக்கி, உருளைகளில் தட்டையாக்கி, லாரி ஏற்றிக் கொண்டுவந்த எஃகு அதுவும்தான். பாகத்துக்கு ஆன அதே செலவு அதற்கும் ஆகியிருக்கிறது. நாம் வரைந்தது எவ்வளவோ அவ்வளவுதான் நாம் எடுத்துக்கொண்டது என்று நம்புவது கணக்குப் பிழை மட்டுமல்ல. விட்டுப்போனதும் நம் கையெழுத்துதான்.

அதனால் பாகப் பட்டியலில் பரப்பளவு என்ற ஒற்றைத் தலைப்பை நான் ஏற்பதில்லை. நிகரப் பரப்பு ஒரு கட்டம், எடுக்கவேண்டிய ஷீட்டின் அளவும் எண்ணிக்கையும் இன்னொரு கட்டம், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவேண்டும். இரண்டாவதை மென்பொருள் தானாக நிரப்பாது. அடுக்கிப் பார்த்த பிறகே எழுதமுடியும். அதற்கு ஆகும் அரை மணி நேரம் வடிவமைப்பின் பகுதி என்று வேலை அட்டவணையிலேயே ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். 630 என்று வரைந்தவர் 610க்குத் திரும்பி வருவது அந்த அரை மணி நேரத்தில்தான். தகடு வெட்டியான பிறகு ஸ்டோர்காரர் சொல்லி அவருக்குத் தெரியவந்தால், அதற்குள் நான்கு தகடும் போய்விட்டிருக்கும்.