சிறையுடைப்பும் அறமும்: கதைப்பாடல்கள் எழுப்பும் ஒரு வினா

அரசு குற்றவாளியெனச் சிறையிலடைத்த ஒருவரை நாட்டார் கதைப்பாடல் வீரரெனப் போற்றுகிறது. இம்முரண் மக்கள் குற்றத்தை ஏற்றுக்கொண்டதன் அடையாளமா, சட்டத்தினும் வேறான ஓர் அறத்தின் வெளிப்பாடா என்பதை இக்கட்டுரை ஆராய முனைகிறது.

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2ஆம் நாள் அவர் சிறையிலிருந்து தப்பினார். தகர்க்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாள்களில் மீண்டும் எழுந்தது. அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்துள்ளார். கோட்டை வீழ்ந்தபோது களத்தில் தன் மகனைத் தேடிச் சென்ற தாயிடம், காயமுற்றுக் கிடந்த அம்மகன் தன்னை விடுத்து அருகில் கிடந்த ஊமைத்துரையைக் காக்குமாறு வேண்டினான். அவளும் அவ்வாறே செய்தாள். பின்னர்த் தேடிவந்தோரிடம், அம்மை கண்டு இறந்தவனின் உடல் எனக் கூறிப் பெண்கள் ஒப்பாரி வைத்தனர்.

அப்பெண்கள் கூறியது பொய்யே. எனினும், குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் கருத்து. நன்மை குற்றமற்றதா என்பதை அளப்பது எவ்வாறு? அதற்கான விலையைச் செலுத்துபவர் யார் என்பதே தக்க அளவுகோலாகும். இங்கு அவ்விலையைச் செலுத்தியவள் மகனை இழந்த தாயே.

இவ்வளவுகோலைக் கொள்ளையர் பற்றிய பாடல்களுக்குப் பொருத்தும்போது விடை மாறுகிறது. 1923இல் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்ட ஜம்புலிங்கம், செல்வரிடம் பறித்து ஏழையர்க்கு ஈந்தவராக நெல்லை வட்டாரப் பாடல்களில் வாழ்கிறார். இத்தகையோரை ‘சமூகக் கொள்ளையர்’ என ஹாப்ஸ்பாம் வகைப்படுத்தினார். கொள்ளையர் பலர் ஆதிக்கத்தாரின் துணையுடன் உழவரையே ஒடுக்கினர் என ஆன்டன் பிளாக் 1972இல் மறுத்தார். இங்கு விலை செலுத்துவோர் பறிகொடுத்தவர்கள். அவர்களுள் எளியவரும் இருந்திருக்கலாம். பாடலில் அவர்களுக்குக் குரல் இல்லை.

எனவே, தப்பியவரைப் போற்றும் பாடல் என்பதனாலேயே அதனை எதிர்ப்பிலக்கியம் எனக் கொண்டாடுவது ஆய்வறமாகாது. அடைக்கலம் தந்தோரின் இழப்பைப் பாடல் பேசுகிறது. பறிகொடுத்தோரின் இழப்பைப் பற்றி அது மௌனம் காக்கிறது. அம்மௌனத்தையும் பாடலின் ஒரு பகுதியாகக் கொண்டு வாசிப்பது ஆய்வாளரின் கடமையாகும்.