பொன்னைக் கண்டுபிடித்தது யார்?

நாம் நகை போடுவதில்லை. ஆகவே பொன்னால் வந்த கடன் நமக்கில்லை என்றிருந்தேன். ஆனால் செஞ்சியில் எங்கள் வீட்டுச் சுவர் எழும்பினது, தாத்தா கோலார் தங்கவயலில் சம்பாதித்த கூலியில்தான்.

அந்தப் பொன்னைத் தேடிப் போன முன்னோடி என்று லாவெல் என்ற ஐரிஷ் பட்டாளத்துக்காரரைச் சொல்லுகிறார்கள். 1871-ல் மாட்டுவண்டியில் போனார். 1875-ல் உரிமம் பெற்றார். 1877-ல் பணம் தீர்ந்து பிறருக்குக் கொடுத்துவிட்டார். தைரியசாலிதான். ஆனால் அவரை அங்கே இழுத்தது, வாரன் துரை 1804-ல் எழுதின கட்டுரை. வாரனுக்குக் காட்டினது, மண்ணைக் கழுவிப் பொன் எடுத்த கிராமத்து ஜனங்கள். பின்பு, 2001-ல் சுரங்கம் மூடப்படும்வரை, ஆற்காட்டுச் சீமையிலிருந்து போன நம்மவர்களும் 3 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கினார்கள்.

பேரெடுத்தவனைப் பாராட்டுவது தப்பில்லை. அவனுக்கு முன்னிருந்தவனையும் பின்னால் இறங்கினவனையும் மறப்பதுதான் அநியாயம். உங்கள் வீட்டுச் சுவர் யார் வியர்வையில் எழும்பினது? அந்தப் பேரை இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.