பரண்மீது இருப்பவனைப் பார்ப்பவன் யார்?

மலைநாட்டு உழவர்கள் விளைச்சல் காலத்தில் கொல்லை ஓரத்து மரத்தில் பரண் கட்டி இரவெல்லாம் காவல் இருப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம். சாமையும் தினையும் கேழ்வரகும் முற்றி நிற்கும் கொல்லைக்குப் பன்றி வரும், மான் வரும், காட்டெருது வரும். தகரத்தைத் தட்டி, பந்தம் காட்டி, கூக்குரலிட்டு அவற்றை விரட்டவே அந்தப் பரண்.

அதே மரம், அதே பரண், அதே இருட்டு. ஆனால், ஏறி அமர்ந்தவன் கையில் தகரம் இல்லை; வில்லோ துப்பாக்கியோ இருக்கிறது. ஓசை எழுப்ப வேண்டியவன் மூச்சையும் அடக்கிக்கொண்டு காத்திருக்கிறான். இப்போது அது காவல் அன்று, வேட்டை. பரண் மாறவில்லை; மாறியது நிய்யத்து.

இதை நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது, சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டைப் பக்கத்தில் நமக்கு உறவான ஒரு வீட்டில். ஒருநாள் மாலை அங்கே வாழையிலையில் சுற்றிய பொட்டலம் ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் அந்த வீட்டுக்காரரின் தம்பி. “மான் கறி. பிஸ்மி சொல்லித்தான் அறுத்தது. பிள்ளைகளுக்கு ஆக்கிக் கொடுங்க மச்சி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண்மணி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அங்கே சென்றிருந்த என்னிடம், “மாமு, மான் ஹலால்தானே? பிஸ்மியும் சொல்லியாச்சு. அப்புறம் ஏன் எனக்கு மனசு ஒப்பலே? திருப்பிக் கொடுத்தா உறவுல மனத்தாங்கல் வந்துடுமே” என்று கேட்டார்.

சிறிய கேள்விதான். ஆனால் நம் வீடுகள் பலவற்றில் வேறு வேறு உருவத்தில் எழுகின்ற கேள்வி. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

மான் ஹலாலான பிராணி என்பதில் ஐயமில்லை. வேட்டையும் மார்க்கத்தில் ஆகுமானதே. நாயகம் (ஸல்) அவர்களிடம் அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்களும், அபூ ஸஃலபா அல்குஷனீ (ரலி) அவர்களும் வேட்டையைப் பற்றி விளக்கம் கேட்டுப் பெற்றதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அல்லாஹ்வின் பெயர் கூறி எய்த அம்பு தன் கூர்மையால் தைத்துக் கொன்றால் உண்ணலாம். கூர்மையற்ற பக்கத்தால் அடிபட்டு மாண்டால் உண்ணலாகாது. மறுநாள் கண்டெடுத்தாலும், தன் அம்பின் தழும்பன்றி வேறு காயம் இல்லையானால் உண்ணலாம். நீரில் விழுந்து கிடந்தால் விட்டுவிட வேண்டும். அதைக் கொன்றது அம்பா, தண்ணீரா என்பது தெரியாதன்றோ! துப்பாக்கிக் குண்டால் மாண்ட பிராணியைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேற்றுமை இருப்பதும் இந்த அடிப்படையில்தான்.

இந்த விதிகளைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். வேட்டைக்காரன் தன்னந்தனியே காட்டில் இருக்கிறான். அம்பு எப்படித் தைத்தது, பிஸ்மி சொன்னானா, மான் நீரில் கிடந்ததா என்பதற்கெல்லாம் அவனைத் தவிர வேறு சாட்சி இல்லை. சாட்சியே இல்லாத இடத்தில் இத்தனை நுட்பமான சட்டங்களை மார்க்கம் ஏன் வைத்தது? அவனுடைய உள்ளத்தையே சாட்சியாக நிறுத்துவதற்காகத்தான்.

அமெரிக்காவில் இன்றும் மரத்தின்மேல் மேடை அமைத்து அமர்ந்து வில்லால் மான் வேட்டையாடுவோர் ஏராளம். மான் பெரும்பாலும் தலைக்குமேல் நோக்குவதில்லை. மனித வாடையும் உயரத்திலிருந்து எளிதில் அதை எட்டுவதில்லை. இருபது முப்பது கஜ தூரத்தில் அது பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரை பொறுத்திருந்து, நெஞ்சுப் பகுதியைக் குறிவைத்து எய்கிறார்கள். குறி சற்றே தவறினாலும் காயம்பட்ட மான் நெடுந்தூரம் ஓடி, எங்கோ ஒரு புதரில் கிடந்து துடித்து மடியும். ஆகவே நல்ல வேட்டைக்காரன் ஐயமான குறியை விட்டுவிடுகிறான். அங்கே ஓநாய் முதலிய விலங்குகள் அழிந்துபோன பல பகுதிகளில் மான்கள் அளவுக்குமீறிப் பெருகிவிட்டமையால், அரசே பருவம் குறித்து உரிமம் வழங்குகிறது. அங்குள்ள முஸ்லிம் ஒருவர் அந்நாட்டு முறைப்படி உரிமம் பெற்று, பிஸ்மி கூறி வேட்டையாடி, உண்பதற்காகக் கறியைக் கொண்டுவந்தால் அவரை நாம் குறைகூற மாட்டோம்.

ஆயினும் அங்கும் எல்லை உண்டு. உயிருள்ள ஒன்றை வெறும் குறிபார்க்கும் பொருளாக ஆக்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்துள்ளார்கள். வேட்டையே கதியென்று அதன் பின்னால் அலைபவன் கவனமற்றவனாகி விடுவான் என்றும் எச்சரித்துள்ளார்கள். கொம்பைச் சுவரில் மாட்டிப் பெருமை பேசுவதற்காக ஓர் உயிரைப் போக்குபவன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் மலைக்கு வருவோம். இந்திய நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. முதலில் உரிமம் பெற்று வேட்டையாட அதில் ஓரளவு இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் நீக்கிவிட்டது. கண்ணி வைப்பதும், இரை வைத்துப் பிடிப்பதும், அதற்கு முயல்வதும்கூட அச்சட்டத்தில் வேட்டையே. பொதுவான குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை. 25,000 ரூபாயாக இருந்த அபராத எல்லை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒரு லட்சமாக உயர்ந்தது. வேட்டையாடப்பட்ட விலங்கு அரசின் உடைமை. அனுமதியின்றி அதன் கறியை வாங்கி வைத்திருப்பதும் குற்றமே. தன் உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழியின்றிக் கொல்பவனைச் சட்டம் தண்டிப்பதில்லை.

“இது மனிதன் போட்ட சட்டம்தானே? அல்லாஹ் ஆகுமாக்கியதை இவர்கள் எப்படித் தடுக்கலாம்?” என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் திருமறையின் ஐந்தாம் அத்தியாயமாகிய அல்மாயிதாவின் முதல் வசனத்தை எடுத்துப் பார்க்கட்டும். கால்நடைகள் ஹலால் என்பதையும், இஹ்ராமில் வேட்டை கூடாது என்பதையும் கூறும் அதே வசனம் எதைக்கொண்டு தொடங்குகிறது? ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையைக் கொண்டு! ஒரு நாட்டில் வாழ்ந்து, அதன் பாதுகாப்பில் பிழைத்து, பொதுநலத்துக்காக அது இட்ட விதிக்கு இணங்கி இருப்பதும் ஓர் ஒப்பந்தமே அன்றோ! அந்த விதி மானைத் தின்றே ஆகவேண்டும் என்றோ, தொழுகையை விட வேண்டும் என்றோ நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகுமான ஒன்றை விட்டுவிடச் சொல்கிறது, அவ்வளவே.

ஆகுமானதை விட்டிருப்பது நமக்குப் புதிதும் அல்ல. மக்காவின் ஹரம் எல்லையில் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது. இஹ்ராம் உடுத்தியவன் எங்கிருந்தாலும் தரைவேட்டை ஆடலாகாது. ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு, ஹுதைபிய்யாவை நோக்கி உம்ராவுக்காக இஹ்ராமுடன் சென்ற ஸஹாபாக்களின் கூடாரங்களை வேட்டைப் பிராணிகள் நெருங்கி வந்தன என்று விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் நின்றன. மறைவிலும் தன்னை அஞ்சுபவர் யார் என்பதை வெளிப்படுத்தவே அந்தச் சோதனை என்று அதே அத்தியாயத்தில் அல்லாஹ் தெளிவாக்குகிறான். எட்டாத மானை விட்டவன் தக்வாவுடையவன் அல்லன். எட்டிய மானை விட்டவனே தக்வாவுடையவன்.

இதற்கு நேர்மாறான கூட்டத்தாரையும் திருமறை காட்டுகிறது. சனிக்கிழமை மீன் பிடிக்கலாகாதென்று விதிக்கப்பட்ட அவர்களிடம் அந்நாளில்தான் மீன்கள் திரண்டு வந்தன. அவர்கள் முதல்நாளே வலையை வைத்துவிட்டு, “நாங்கள் சனிக்கிழமையில் பிடிக்கவில்லையே” என்று வாதிட்டதாக விரிவுரைகளில் படிக்கிறோம். “நாங்கள் வேட்டையாடவில்லை, கொண்டுவந்து கொடுத்த கறியை வாங்கினோம்” என்பதும் அந்த வாதத்தின் தம்பிதான்! வாங்கும் வீடு இருக்கும்வரை பரணில் ஏறுபவன் இறங்கமாட்டான்.

பிஸ்மி என்பது பிறர் பொருளை நம் பொருளாக்கும் மந்திரம் அன்று. திருடிய ஆட்டை முறைப்படி அறுத்துவிட்டால் திருட்டு மறைந்துவிடாது. அறுத்த முறை செல்லுமா, செல்லாதா என்ற சட்ட நுணுக்கத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். ஆனால் மறைத்துக் கொண்டுவந்து, மறைத்துச் சமைத்து, எலும்பையும் மறைத்துப் புதைக்க வேண்டிய உணவை, பிள்ளைகளின் தட்டில் வைத்து “பிஸ்மி சொல்லிச் சாப்பிடு” என்று எந்தத் தாய்தான் மனநிம்மதியோடு சொல்ல முடியும்? அந்தப் பெண்மணியின் மனம் ஒப்பாததன் காரணம் இதுவே. அது பலவீனம் அன்று, ஈமானின் குரல்.

இதையே அவரிடம் சொன்னேன். அன்றிரவு அவ்வீட்டில் கஞ்சியும் துவையலும்தான். மறுநாள் அவர் கொழுந்தனாரை அழைத்துப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, “நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க, எங்களோட உட்கார்ந்து சாப்பிடுங்க. ஆனா இதை மட்டும் கொண்டுவராதீங்க” என்றாராம். அவர் முகம் சுருங்கியது. இரண்டு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வெறுங்கையோடு வந்து சாப்பிட்டுப் போனார். உறவு முறியவில்லை.

பரண்மீது மறைந்திருப்பவனை மான் பார்ப்பதில்லை. வனக்காவலரும் பார்ப்பதில்லை. ஆனால் அவன் ஏறிய மரத்தையும், அதன் கீழ் நிற்கும் மானையும் படைத்தவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அந்த நினைவு இருக்கும் உள்ளத்துக்கு, இரவெல்லாம் தகரம் தட்டிக் கொல்லையைக் காப்பதும் நன்மையே. கைக்கெட்டிய மானைக் காட்டுக்கே விட்டுவிடுவதும் நன்மையே.

மறைவிலும் தன்னை அஞ்சி நடக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.