பழக்கிய கல்லும் படிந்த வினையும்

இல்லறத்தார்க்கு அறம் எங்கே தொடங்குகிறது என்று வினவினால், ஆலயத்தில் என்று சிலரும், சுவாத்தியாயத்தில் என்று சிலரும் விடை பகர்வர். அடுக்களையில் என்று கூறவே நாம் துணிகிறோம். நீரை வடிகட்டுதல், கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தல், கிழங்கு வகைகளை விலக்குதல், பாத்திரத்தில் எச்சமும் ஈரமும் தங்காமல் துலக்கி உலர்த்துதல் ஆகிய யாவும் நம் முன்னோர் அடுக்களையிலேயே பேணி வளர்த்த நெறிகளாகும். ஆதலின் பாத்திரத்தில் படியும் கறையைப் பற்றிய ஒரு வினாவை இவ்விதழில் ஆராய்வது பொருந்தாத செயல் ஆகாது.

மின்சார ஓவன் நம்மவர் இல்லங்களிலும் இன்று இடம்பெற்றுள்ளது. அதனோடு, ரொட்டி முதலியன சுடுவதற்குரிய ஸ்டோன்வேர் தட்டுகளும் வந்து சேர்ந்துள்ளன. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் பலர் அடுக்களையைப் பிறரோடு பங்கிட்டுக் கொள்கின்றனர். அங்கே ஓவனில் ஏற்கெனவே ஒரு கல் தட்டு இருக்கும்; அது கருத்திருக்கும். அதில் ஊன் சமைத்தவரும் உண்டு. அதைக் கழுவிய பின் நாம் பயன்படுத்தலாமா? இது முதல் வினா. நம் வீட்டுத் தட்டிலேயே நாளடைவில் படிந்த கருமையைத் தேய்த்துப் போக்க வேண்டுமா, விட்டுவிடலாமா? இது இரண்டாவது வினா. எது கறை, எது தூய்மை என்னும் ஒரே வினாவின் இரு முகங்களே இவை.

முதலில் பொருளின் இயல்பை அறிவோம். பொருளின் இயல்பை அறியாமல் ஒழுக்கத்தை வகுப்பது ஜினநெறிக்கு ஒவ்வாது. ஸ்டோன்வேர் என்பது பாறையிலிருந்து செதுக்கிய கல் அன்று. தக்க களிமண்ணை ஏறத்தாழ 1200 பாகை செல்சியசும் அதற்கு மேலுமான வெப்பத்தில் சுட்டுக் கல்லைப் போல் இறுகச் செய்த பாத்திரம் அது. நம் ஊர்ச் சூளையில் வேகும் மண்பானை அதனினும் மிகக் குறைந்த வெப்பத்தில் வேகுவதால் நுண்துளைகள் மிகுந்து நீர் கசிகிறது. ஸ்டோன்வேரில் அத்துளைகள் குறைவு. வட நாட்டில் குர்ஜா நகரம் இத்தகைய பாத்திரங்களுக்குப் பெயர் பெற்றது. நமக்கு அண்மையில், புதுச்சேரியில் 1971ஆம் ஆண்டு டெபோரா ஸ்மித், ரே மீக்கர் ஆகிய இருவரும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி இக்கலையைத் தென்னாட்டில் பலர் கற்கக் காரணமாயிற்று. இப்பாத்திரங்களுள் மேற்பரப்பில் கண்ணாடி போன்ற மெருகு பூசியவை ஒரு வகை. மெருகு பூசாதவை மற்றொரு வகை. இவ்வேறுபாடே நம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

மெருகு பூசாத தட்டில் எண்ணெய் பட்டால் அது மேற்பரப்பின் நுண்துளைகளுள் இறங்குகிறது. மெல்லிய எண்ணெய்ப் படலம் வெப்பத்தில் நெடுநேரம் நின்றால் தன் தன்மையை இழந்து, ஒன்றோடொன்று பிணைந்து, உலர்ந்த கெட்டியான பூச்சாக மாறுகிறது. பின்னர் மாவு அதில் ஒட்டுவதில்லை. இதனையே பாத்திரத்தைப் பழக்குதல் என்கிறோம். சேலத்துப் பக்கம் மாக்கல்லில் கடைந்து வரும் கல்சட்டியை வாங்கியவுடன் அடுப்பேற்றாமல், எண்ணெயும் மஞ்சளும் தடவி வைத்தும், சோறு வடித்த கஞ்சியைச் சில நாள் ஊற்றி வைத்தும், சிறு தீயில் மெல்ல மெல்லச் சூடேற்றியும் பழக்கிய பாட்டிமார்களுக்கு இச்செய்தி புதிதன்று. ஆனால் எண்ணெய் மிகுதியாகவோ வெப்பம் போதாமலோ இருந்தால் அவ்வெண்ணெய் கெட்டிப்படாமல் பாதியில் நின்றுவிடும். அதுவே கையில் ஒட்டும் பிசுக்கு. நாளடைவில் நாற்றமெடுப்பதும் அதுவே. ஆகவே பழக்கமும் பிசுக்கும் ஒரே எண்ணெயின் பிள்ளைகள். அளவும் பொறுமையும் ஒன்றைக் காப்பாக்குகின்றன. அவை இன்மை மற்றொன்றைக் கறையாக்குகிறது.

துலக்கும் முறையும் இதற்கேற்பவே அமைகிறது. தட்டு நன்கு ஆறிய பின்னரே நீரில் இட வேண்டும். சூடான தட்டில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது விரிசல் காணும். ஒட்டியதை மரத் தட்டைக் கரண்டியால் சுரண்டி, வெந்நீரும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தால் பெரும்பாலும் போதும். பிசுக்கு மிகுந்த இடத்தில் சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவிச் சிறிது நேரம் விட்டுத் தேய்க்கலாம். அதன் காரத்தன்மை கொழுப்பை இளக்கும். மெருகு பூசாத தட்டில் சோப்பின் மணம் தங்கி உணவில் ஏறக்கூடுமாதலால் அதனைத் தவிர்ப்பர். மெருகு பூசியதற்குச் சோப்பு தீங்கு செய்யாது. ஆனால் கம்பி நார் அதன் மெருகைக் கீறும். இறுதியில் ஈரம் முழுவதும் அகல உலர்த்துதல் இன்றியமையாதது. ஈரமும் எச்சமும் கூடிய இடத்தில் பூஞ்சை தோன்றுவதை யாவரும் காண்கிறோம்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். நீரும் தீயும் உயிருடையவை என்று கொள்ளும் நாம், ஒரு தட்டின் கறைக்காகக் குடம் குடமாக நீரைச் செலவிட்டுக் கொதிக்க வைப்பது அகிம்சையாகுமா? இல்லறத்தாரின் இம்சையை நம் ஆசாரியர்கள் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காக வகுத்துள்ளனர். அடுப்பெரித்தலும் துலக்குதலும் ஆரம்பி இம்சையின்பாற்படும். இல்லறத்தாரால் அதனை முற்றும் விலக்க இயலாது, குறைக்க இயலும். யத்னாசாரம் என்பது இதுவே. எச்சத்தைத் தங்கவிட்டால் அதில் தோன்றும் உயிர்களைப் பின்னர் அழிக்க நேரும். தேவைக்கு மேல் தேய்த்தால் நீருயிருக்கு வீணே துன்பம் விளையும். தட்டைப் புதியது போல் வெளுக்கச் செய்வது உணவின் தூய்மைக்கு வேண்டியதன்று. அது கண்ணின் விருப்பம் மட்டுமே. அவ்விருப்பத்துக்காகச் செலவாகும் ஒவ்வொரு குடம் நீருக்கும் நாம் விடை கூற வேண்டியவர்களாகிறோம். ஆகவே நம் வீட்டுத் தட்டில் உலர்ந்து, கெட்டிப்பட்டு, மணமின்றி நிற்கும் கருமையை அப்படியே விடுவதே அறம். பிசுக்கை மட்டும் நீக்குவது போதுமானது.

இனி முதல் வினாவுக்கு வருவோம். பிறர் ஊன் சமைத்த தட்டு மெருகு பூசியதாயின், அதன் மேற்பரப்பு எதனையும் உட்கொள்வதில்லை. விரிசலின்றி இருக்குமாயின், சோப்பும் சமையல் சோடாவும் இட்டுத் துலக்கிய பின் அதில் முன்னைய பொருள் எஞ்சுவதில்லை. அதனை வேறு வழியில்லாத இடத்தில் பயன்படுத்துவோரை நாம் குறை கூற மாட்டோம். மெருகு பூசாததாயின் நிலை வேறு. அதன் பழக்கமே ஊன் கொழுப்பால் ஆனது. எத்துணை தேய்த்தாலும் துளைகளுள் இறங்கியது முழுதும் வெளிவரும் என்று உறுதி கூற இயலாது. சூடேறும்போது அதன் மணம் நம் ரொட்டியில் ஏறவும் கூடும். ஐயமுள்ள உணவை விலக்குதல் நம் நெறி. எனவே அத்தட்டில் நாம் சமைத்தல் ஆகாது என்பதே எம் துணிபு. ஒரு சாதாரண இரும்புத் தட்டைத் தனக்கென வைத்துக்கொள்வதில் பெரிய இடர்ப்பாடு ஒன்றும் இல்லை.

கழுவிய பாத்திரத்தில் பாவம் ஒட்டிக்கொண்டிருக்குமா, இது வெறும் தீண்டாமை அன்றோ என்று இளைஞர் கேட்கின்றனர். இக்கேள்வியை நாம் வெகுளாமல் ஏற்க வேண்டும். அதில் நியாயம் உண்டு. கல் பாவம் செய்வதில்லை. அத்தட்டு பாவமுடையது என்று நாம் கூறவில்லை. கொல்லப்பட்ட உயிரின் உடற்கூறு நம் உணவில் கலவாதிருக்க வேண்டும் என்பதும், அம்மணத்துக்கு நம் நாவும் மூக்கும் பழகிவிடலாகாது என்பதுமே காரணங்கள். விலக்குவது பொருளை, ஆளை அன்று. அதைப் பயன்படுத்தும் தோழரைக் கண்டு முகம் சுளிப்பவர், தட்டை விலக்கியும் இம்சையை விலக்காதவர் ஆவார். ஆசை முதலிய உணர்ச்சிகள் அகத்தே எழுதலையே இம்சையின் வேராக அமிர்தசந்திர சூரி தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் காட்டியுள்ளார். அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், அருவருப்போடு கூடிய செருக்கும் ஒரு கறையே. அது சமையல் சோடாவுக்குக் கரையாது.

இங்கிருந்து நம் சிந்தனை கல்லை விட்டு உயிரின்பால் செல்கிறது. பொன்னூர் மலையில் திருவடி பதித்த பெருமையுடைய ஆசாரிய குந்தகுந்தர் தம் சமயசாரத்தில் ஓர் உவமை காட்டுகிறார். உடலில் எண்ணெய் பூசிக்கொண்டு புழுதி நிறைந்த இடத்தில் பயிற்சி செய்பவன்மேல் புழுதி படிகிறது. படிந்ததற்குக் காரணம் அவனுடைய பயிற்சியோ அவ்விடத்துப் புழுதியோ அன்று; அவன் பூசிய எண்ணெயே. அவ்வாறே உயிரோடு வினை ஒட்டுவதற்குக் காரணம் விருப்பு வெறுப்பு என்னும் பசையே. வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் என்னும் கஷாயங்கள் நான்கும் அப்பசையின் வகைகள். உலகில் புழுதி இருந்தே தீரும். பசை இல்லாத இடத்தில் அது நில்லாது.

பழக்கிய தட்டும் இதனையே ஓரளவு உணர்த்துகிறது. ஈரமாய் நின்ற எண்ணெய் மாவைப் பற்றுகிறது. வெம்மையில் நெடிது நின்று உலர்ந்தது பற்றுவதில்லை. தவம் என்னும் சொல்லுக்கே வெம்மை என்னும் பொருள் உண்டு. அணுவிரதங்களை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கடைப்பிடிக்கும் இல்லறத்தாரிடம் தீய பழக்கங்கள் எளிதில் ஒட்டுவதில்லை. ஒரே நாளில் பெருநோன்பு ஏற்றுப் பாதியில் விடுவது, எண்ணெயை மிகுதியாக ஊற்றிச் சிறிது நேரமே சூடேற்றுவதை ஒக்கும். அதனால் எஞ்சுவது பிசுக்கே.

ஆயினும் உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்லலாகாது. கல்லுக்கு அப்பூச்சு நன்மை. உயிருக்கு எப்பூச்சும் நன்மை அன்று. கல்லின் இயல்பு அறிதல் அன்று. உயிரின் இயல்போ அறிதலே. அதன்மேல் படிவது எதுவாயினும், பாவமாயினும் புண்ணியமாயினும், அறிவை மறைக்கும் திரையே. இரும்பு விலங்கு பிணிப்பது போலவே பொன் விலங்கும் பிணிக்கும் என்று சமயசாரம் உணர்த்துவதன் கருத்து இதுவாகும். நல்வினை இழிந்ததன்று, இல்லறத்தார்க்கு அது வேண்டும். பாவம் ஒட்டாதிருக்க அது உதவும். ஆனால் அதனையே உயிரின் நிறம் என்று கொள்வது, தட்டின் கருமையைக் கல்லின் நிறம் என்று கொள்வதற்கு நிகர். ஊற்றினை அடைக்கும் சம்வரமும், படிந்ததை உதிர்க்கும் நிர்ஜரையும் முடியும் இடத்தில் பூச்சு எதுவும் இல்லை.

இதனை நம் சமூகத்தின் நிலையோடு பொருத்திப் பார்ப்பது நம் கடமை. நம்முள் பலருக்குப் புலால் மறுத்தல் பிறப்பால் வந்தது. பாட்டனாரும் முப்பாட்டனாரும் பழக்கிய கல்சட்டியை நாம் வாங்கிக்கொண்டோம். அதில் எதுவும் ஒட்டவில்லை என்று பெருமை கொள்கிறோம். பழக்கிய உழைப்பு நம்முடையதன்று என்பதை மறக்கிறோம். பழக்கிய பாத்திரமும் கவனிப்பாரின்றி ஈரத்தில் கிடந்தால் கெடும். பொருள் அறியாமல் தொடரும் ஒழுக்கமும் அத்தகையதே. கேள்வி கேட்கும் பிள்ளையிடம், நம் வழக்கம் அதுதான் என்று மட்டும் கூறி வாயடைத்தால், தொலைவிலுள்ள பங்கு அடுக்களையில் அவ்வழக்கம் எத்தனை நாள் நிற்கும்? காரணத்தைக் கூறினால் அவர்களே புதிதாகப் பழக்கிக்கொள்வர். அவர்கள் பழக்கியது நாம் கொடுத்ததினும் உறுதியாக நிற்கும்.

ஆகவே சிராவக சிராவகிகளுக்கு நாம் வேண்டுவது இது. பாத்திரத்தைத் துலக்கும் பொழுதில் நீரை அளந்து செலவிடுவோம், எச்சத்தை உடனே நீக்குவோம், நன்கு உலர்த்துவோம், உலர்ந்த கருமைக்கு அஞ்சாதிருப்போம். ஐயமுள்ள பாத்திரத்தை அமைதியாக விலக்குவோம். அதன் உரிமையாளரை விலக்காதிருப்போம். அன்று மாலை ஸாமாயிகத்தில் அமரும்போது, இன்று நம்மிடம் புதிதாய் ஒட்டியது எது, அதற்குப் பசையாய் நின்றது வெகுளியா செருக்கா என்று ஒருகணம் வினவுவோம். நம் பிள்ளைகளோடும் இதனைக் கலந்து பேசுவோமாக. நல்லறம் வளர்க.