யாருடைய திறமை?

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்கு 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தது. 1945-இல் போட்ட குத்தகை, 160 ஏக்கர் நிலம், ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்றது அரசு. ஆக, பூட்டு விழுந்தது வாடகைக்காக, சூதுக்காக அல்ல. உறுத்துவது அதுதான். குதிரைமேல் பணம் கட்டுவது தவறு என்ற பேச்சே இந்த நிலத் தகராறில் எழவில்லை. தவறுதான் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டமல்ல என்று 1996 ஜனவரியில் லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சத்தையும் பழைய ஓட்டங்களையும் அலசிப் பார்த்துக் கட்டுகிறவனுக்கும் திறமை உண்டாம். சட்டத்துக்கு அது போதும். அறத்துக்குப் போதாது. திறமை சேணத்தில் உட்கார்ந்திருக்கிறது. டிக்கெட் கவுண்டரில் நிற்பது ஆசை.

சேணத்தில் இருப்பவனைப் பந்தயம் எப்படி மதிக்கிறது? 1923 ஜூன் 4, நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க். தடை தாண்டும் ஓட்டம். லாயத்தில் வேலை செய்த ஃபிராங்க் ஹேய்ஸ், 'ஸ்வீட் கிஸ்' என்ற குதிரையில் ஏறினார். அதுவரை அவர் ஒரு பந்தயத்திலும் ஜெயித்ததில்லை. குதிரையையும் யாரும் நம்பவில்லை, ஒன்றுக்கு இருபது என்றிருந்தது. அது முதலாவதாக வந்தது. பாராட்டப் போனவர்கள்தான் ஹேய்ஸ் இறந்துகிடப்பதைக் கண்டார்கள். ஓட்டத்தின் நடுவிலேயே மாரடைப்பு. அவசரமாக எடையைக் குறைத்ததுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். பந்தயம் முடிந்ததும் ஜாக்கியை எடைபோட வேண்டும் என்பது விதி. அன்று அதை விலக்கி, வெற்றி செல்லும் என்றார்கள். உயிர் போனது கணக்கில் வரவில்லை.

இனி டிக்கெட் கவுண்டரில் நிற்பவரைப் பார்ப்போம். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் கிண்டி எட்டாத தூரமல்ல. கடற்கரை ஸ்டேஷனில் ரயில் மாறினால் போதும். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவரும் எண்ணூர் லேலண்டில் ஷிஃப்ட் முடித்தவரும் அப்படிப் போனவர்கள்தாம். சட்டைப்பையில் நாலாக மடித்த ரேஸ் புத்தகம், குதிரைப் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சில் டிக், பின்னட்டையில் கைமாற்றுக் கணக்கு. இதில் எது திறமை?

சூதுக்கென்று ஓர் அதிகாரமே எழுதினார் வள்ளுவர். ஜெயித்த பணமும் மீன் விழுங்கிய தூண்டில்தான் என்றார். காசிமேட்டில் அதற்கு உரை தேவைப்படாது. ரிக் வேதத்திலேயே சூதாடி ஒருவன் மாமியார் வெறுத்ததையும் மனைவி விலக்கியதையும் சொல்லிப் புலம்புகிறான். நளன் நாட்டை இழந்ததைப் புகழேந்தி பாடினார். தருமன் தோற்றதை வில்லிபுத்தூராரும் பாடினார், பாரதியும் பாடினார். திறமைதான் அளவுகோல் என்றால், அந்தச் சபையில் திறமைசாலி சகுனி. அவன் ஆடியது நியாயமான ஆட்டம் என்று எந்தப் புலவராவது எழுதினாரா? எதிராளியின் திறமைக்குமுன் ஏமாளியாக நிற்பவன் வீட்டில்தான் அடுப்பு அணைகிறது. நீதிபதிகளுக்கு முன்பே நம் முன்னோர் இந்த வழக்கை விசாரித்து முடித்துவிட்டார்கள்.

லாயக்காரர்களும் ஜாக்கிகளும் பிழைப்புக்கு எங்கே போவார்கள் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான், வேறு வேலை தருவது அரசின் கடமை. அதற்காகச் சூது நடக்க வேண்டியதில்லை.

தமிழ்நாடு 2003-இல் லாட்டரியை நிறுத்தியது. ஆன்லைன் சூதுக்கு எதிராக 2023-இல் சட்டம் கொண்டுவந்தது. குதிரைக்கு மட்டும் என்ன சலுகை? 2025 செப்டம்பர் முதல் பந்தயத்துக்கு 40 சதவீதம் ஜிஎஸ்டி, அவ்வளவுதான். கிண்டியில் பூங்கா வரட்டும், குளம் வெட்டட்டும். ஆனால் பாக்கியைக் கட்டிவிட்டு நாளைக்கே குதிரையை ஓட்டுகிறோம் என்று குத்தகைதாரர் வந்தால் அரசு என்ன சொல்லும்? 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது இதே சட்டமன்றம். லட்சுமணன் வழக்கின் தீர்ப்பைத் தாண்டி நிற்கும் ஒரு புதிய மசோதாவை அது அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும்.