பத்திரமாய் இருக்கிறதென்று சொன்னேன்



இந்த மாதம் என் வெட்கத்தையே உங்களுக்கு எழுதுகிறேன். சபையில் ஜனங்கள் சொல்லும் சாட்சிகளைப் பல வருஷமாகக் கம்ப்யூட்டரில் சேர்த்துவந்தேன். அநேக சாட்சிகள் அவரவர் குரலிலேயே இருந்தன. ஒரு ராத்திரி நல்ல இடி மழை, கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் பார்த்தால் ஹார்ட் டிஸ்க் பேச்சு மூச்சில்லை. என் மனைவி பதறினாள். நானோ, "ஏன் பயப்படுறே? எல்லாம் கிளவுட்ல பத்திரமா இருக்கு" என்றேன்.

வாலிபத் தம்பி ஒருவன் தன் லேப்டாப்போடு வந்தான். எனக்குப் பாஸ்வேர்டு மறந்துபோச்சு. மாற்றலாமென்றால், ரகசிய எண் நான் எப்போதோ தூக்கிப்போட்ட சிம்முக்குப் போகிறது! இரண்டு நாள் போராடி உள்ளே நுழைந்தோம். 2021 வரைக்கும் எல்லாம் இருந்தது. அல்லேலூயா என்று சத்தமிட்டேன். அதற்குப்பின் ஒன்றுமே இல்லை.

"ஐயா, இலவசமா குடுத்த இடம் அப்பவே நிறைஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் எதுவும் ஏறல. எத்தனை எச்சரிப்பு மெயில் வந்திருக்கு பாருங்க" என்றான் தம்பி. வந்திருந்தது. நான் ஒன்றையும் திறக்கவில்லை.

போனவற்றில் ஒரு தாயாருடைய சாட்சியும் உண்டு. குடிகாரப் புருஷனுக்காக 19 வருஷம் முழங்காலில் நின்றவர்கள். போன வருஷம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அந்தக் குரல் இனி எங்கே கிடைக்கும்?

எரேமியா 36-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். யோயாக்கீம் ராஜாவின் கணப்பில் தீர்க்கதரிசியின் புஸ்தகச்சுருள் துண்டு துண்டாய் எரிந்தது. ஆனாலும் பாருக்கு மறுபடியும் எழுதினான். முன்னிலும் அதிகமாகவே எழுதினான். எப்படி? சொன்ன வாய் ராஜாவின் கைக்கு எட்டாத வேறொரு இடத்தில் உயிரோடிருந்தது. பிரியமானவர்களே, நகல் என்றால் அதுதான்!

தென்கொரியாவில் என்ன நடந்தது? 2025 செப்டம்பர் 26-ல் டேஜான் பட்டணத்து அரசாங்கத் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்னும் கிளவுட் சாம்பலாயிற்று. 858 டெராபைட்! அளவு பெரிதென்று வேறிடத்தில் நகல் வைக்கவில்லை. கிளவுட் என்றதும் நாம் மேகத்தை நினைக்கிறோம். அதுவும் எங்கோ ஒரு கட்டடத்தில் கரண்டில் ஓடுகிற கம்ப்யூட்டர்தான்.

இன்னொன்றையும் தம்பி சொன்னான். சில சேவைகளில் இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துபோகும்; குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள்தான் கிடக்குமாம்.

நான் கிளவுட்டை விட்டுவிடவில்லை. பாதியாவது திரும்பி வந்தது அதனால்தானே! இப்போது காசு கட்டி இடம் வாங்கியிருக்கிறேன். வெளியே மாட்டுகிற டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, உதவி ஊழியர் வீட்டில் கொடுத்துவைத்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஏதாவதொரு பழைய சாட்சியைக் கிளவுட்டிலிருந்து இறக்கிக் கேட்கிறேன். முதல் மாதமே ஒன்று திறக்கவில்லை, சரிசெய்தோம்.

அந்தத் தாயாரின் மகள் வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மா சொன்னதில் நினைவிருப்பதைச் சொல்லுவாளாம். நான் நோட்டுப்புத்தகத்தில் எழுதப்போகிறேன். தம்பியும் லேப்டாப்போடு வருகிறான்.